தாழ்ப்பாள் இல்லாத கதவு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, ஊளையிடும் நாய் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

நான் ஒரு நாடகக் குழுவில் லைட் போடுகிறவள். பதினோரு வருஷம் போட்டேன். அரங்கத்தின் பின்பக்கம், கடைசி வரிசைக்கும் மேலே, கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் நான், லைட் போர்டு, ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கடிகாரம். எந்த வசனத்துக்கு எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த நிமிஷத்தில் அணைய வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டே இருப்பேன். அதனால்தான் நேரங்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன். அன்றைய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குழுவுக்குத் தலைவர், இயக்குநர், கதாநாயகன் எல்லாம் ஒரே ஆள். பத்தொன்பது வருஷமாக ஒரே நாடகத்தில் ஒரே ராஜா வேஷம். முகத்துக்கு நேரே எல்லோரும் 'சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் 'ராஜா'. வேஷம் கலைத்த பிறகு கிரீடத்தைக் கழற்றி வைப்பார். ராஜாவைக் கழற்றி வைக்க மாட்டார்.

மந்திரியாக நடிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒருநாள் ஒத்திகையில் மண்டியிடுவது சரியில்லை என்று அவரை நாற்பது தடவை பலகை மேல் மண்டியிட வைத்தார். வேட்டியில் ரத்தம் தெரிந்த பிறகுதான் "ம், இப்பதான் மந்திரி மாதிரி இருக்கு" என்றார். என் விளக்கு ஒரு விநாடி பிந்தினால் போதும். மேடையிலிருந்தே கத்துவார்: "மேல இருக்கற கழுதை தூங்குதா?" எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்கள். நானும் சிரித்திருக்கிறேன், மற்றவர்கள் மாட்டும்போது.

நாடகத்தின் கதை இதுதான். வெள்ளம் வருகிறது. ராஜா கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்கிறான். வெளியே மாட்டிக்கொண்ட ஜனங்கள் கதவைத் தட்டுகிறார்கள். அவன் திறக்கவில்லை. கடைசி அங்கத்தில் வெள்ளம் வடிந்துவிடுகிறது, வெளியே ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் கதவு தட்டப்படுகிறது, மூன்று முறை. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒருவர் ராஜாவை விட்டு ஓடுகிறார். கடைசியில் அவன் தனியாகச் சிம்மாசனத்தில். கதவு தானாகத் திறக்கிறது. வெளியேயிருந்து கண் கூசும் வெள்ளை வெளிச்சம். அவன் எழுந்து, ஏழு படியிலும் உருண்டு விழுந்து சாகிறான். திரை.

அந்த வெள்ளை வெளிச்சம் என் வேலை. தட்டுகிற சத்தம் சவுண்டுக்காரர் வேலை.

மேடையின் பின்பக்கம், அந்தக் கோட்டைக் கதவுக்கு நாலடி பின்னால், சுவரில் நிஜமான ஒரு கதவு உண்டு. துணிமணி அறைக் கதவு. அந்த அறைக்கு அது ஒன்றுதான் வழி. ஒரே ஜன்னல், அதிலும் கம்பி. உள்ளே எங்கள் ஊசியம்மா.

அவர்தான் எங்கள் குழுவுக்குத் தையல். அறுபது வயதிருக்கும். வலது கை நடுவிரலில் எப்போதும் ஊசி குத்தாமல் இருக்கப் போடும் இரும்புத் தொப்பி. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். "இது என் கிரீடம்டி. உங்க ராஜாவோடது அட்டை, என்னோடது இரும்பு" என்பார். கதவைத் தட்டினால் அந்தத் தொப்பியால்தான் தட்டுவார். டிக்... டிக்... டிக். கேட்டவுடன் யாரென்று தெரிந்துவிடும்.

ஒத்திகை நடுவில் ஊசியம்மா துணியோடு மேடைக்குள் வந்துவிடுகிறார் என்று ராஜாவுக்குக் கோபம். அந்தக் கதவுக்கு மேடைப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டார். ஒத்திகை ஆரம்பித்தால் தாழ் விழும். முடிந்தால்தான் திறக்கும்.

அது ஒரு புதன்கிழமை. மூணு மணிக்குத் தாழ் போட்டாயிற்று. கடைசி அங்கம் நடந்துகொண்டிருந்தது.

3:52. டிக்... டிக்... டிக்.

"சவுண்டு! இப்ப உன்னை யார் கேட்டது?" என்றார் ராஜா.

"நான் இல்ல சார்."

மறுபடியும் டிக்... டிக்... டிக். பின்பக்கத்துக் கதவிலிருந்து.

மேடை மேனேஜர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு எட்டு வைத்தால் தாழ்ப்பாள். அவர் ராஜாவைப் பார்த்தார்.

"அந்தக் கிழவிக்கு வேற வேலையில்ல. திறக்காதே. காட்சி முடியட்டும்."

காட்சி முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆனது. இருபத்தைந்து நிமிஷமும் தட்டல் நிற்கவில்லை. மேடையில் ஐந்து பேர், மேனேஜர், சவுண்டுக்காரர், நான். எட்டு ஜோடிக் காது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. என் காதில் ஹெட்போன் இருந்தது. 'அண்ணா, கதவைத் திறங்க' என்று மூன்று வார்த்தை சொன்னால் மேனேஜருக்குக் கேட்டிருக்கும். சொல்லவில்லை. கழுதைப் பட்டம் இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

4:17க்குத் தட்டல் நின்றது. 4:20க்குத் தாழைத் திறந்தோம். ஊசியம்மா தரையில் கிடந்தார். நெஞ்சு வலி என்றார்கள் பிறகு.

அன்று சாயங்காலமே ராஜா தன் கையால் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஆணி இருந்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் சொன்னார்:

"கதவு திறந்துதான் இருந்துச்சு. புரிஞ்சுதா?"

புரிந்தது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது நானும் சொன்னேன். "கதவு திறந்துதான் சார் இருந்துச்சு."

ஏழு வாரம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காட்சி மூணு மணிக்கு. துணிமணிகளை வேறு அறைக்கு மாற்றியாயிற்று. தையல் மெஷின் ஊசியம்மாவின் மகள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அறை காலி. பல்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

4:12. இரண்டாம் அங்கத்தின் முடிவு. ராஜா திரும்பும்போது சிவப்பு அங்கியின் ஓரத்தைத் தானே மிதித்துவிட்டார். 'பர்ர்ர்' என்று கிழிந்த சத்தம் எனக்கு மேலே வரை கேட்டது. முழ நீளத்துக்குத் துணி தொங்கியது. இடைவேளையில் யாரோ ஒருவருக்குக் கன்னத்தில் அறை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

4:24. இடைவேளை. ஹெட்போனில் மேனேஜர்.

"லைட்டு, மேடைக்குப் பின்னாடி எதாவது விளக்கு போட்டிருக்கியா?"

"இல்லையேண்ணா. ஏன்?"

"ஊசியம்மா ரூம் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது."

"அங்க பல்பே கிடையாதே."

"அதான் கேட்கறேன்..."

அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

"இப்ப இல்ல. போயிடுச்சு" என்றார்.

அப்போது ஹெட்போனில் இன்னொரு சத்தம். தூரத்தில். டகடகடகடக... நின்றது. மறுபடி டகடகடக...

"அண்ணா, உங்க பக்கத்துல மெஷின் எதாவது ஓடுதா?"

"என்ன மெஷின்?"

அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

4:41. கடைசி அங்கம். திரை ஏறியது. சிம்மாசனத்தில் ராஜா. மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும். அங்கி படிகள் வரை வழிந்து கிடந்தது. பார்த்தேன். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தேன்.

கிழிசல் இல்லை.

"அண்ணா, அங்கியை யார் தெச்சது?"

"யாரும் தெக்கல."

"கிழிஞ்சுதே..."

"மாட்டிவிட எடுக்கும்போதே கிழிசல் இல்ல. அவரே தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல."

ஒண்ணும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். வெந்நீர் ஆறிப்போனால் டம்ளரை எறிகிற மனுஷன் ஒண்ணும் சொல்லவில்லை.

4:46. முதல் தட்டல்.

டொம் டொம் டொம் என்று பெரிய சத்தம் வர வேண்டிய இடம். அரங்கமே அதிரும். அன்றைக்கு அப்படி வரவில்லை. மெதுவாக வந்தது.

டிக்... டிக்... டிக்.

"சவுண்டு, என்ன இது? மாத்திப் போட்டுட்டீங்களா?" என்றேன் ஹெட்போனில்.

பதில் இல்லை.

மேடையில் மந்திரி ஒரு கணம் வசனத்தை மறந்து நின்றார். பிறகு மண்டியிட்டார். "கதவைத் திறக்கட்டுமா, அரசே?"

ராஜா பேச வேண்டும். பேசவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது விநாடி.

"...திறக்காதே."

தளபதி வசனப்படி ஓடினார். நிஜமாகவே ஓடினார். பக்கத்துத் திரைக்குள் போய் நிற்கவில்லை, வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

4:52. ராஜாவின் வலது கை அங்கியைப் பிடித்து இழுத்தது. வராத எதையோ இழுப்பதுபோல. இரண்டு முறை. பிறகு கை நின்றது.

4:55. இரண்டாவது தட்டல்.

டிக்... டிக்... டிக்.

இன்னும் பக்கத்தில்.

சபையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. யாரோ வெளியே தூக்கிப் போனார்கள். ராணி தன் வசனத்தைச் சொன்னாள், இறங்கினாள், போனாள். ராஜா அவளைப் பார்க்கவில்லை. பின்னால், கோட்டைக் கதவைப் பார்க்கத் திரும்ப முயன்றார். தோள் மட்டும் திரும்பியது. இடுப்பு திரும்பவில்லை.

5:01. மூன்றாவது.

டிக் டிக் டிக் டிக் டிக்.

இப்போது அவசரமாக.

மந்திரி எழுந்தார். அவர் போக வேண்டிய இடம் அது. "உங்கள் ஆணைப்படி நான் திறக்கவில்லை, அரசே. உங்கள் ஆணைப்படியே போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்க வேண்டும். சொன்னார். இறங்கத் திரும்பினார்.

ராஜா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

நாடகத்தில் அது கிடையாது.

"போகாத" என்றார் ராஜா.

நாடகத்தில் ராஜா செந்தமிழில்தான் பேசுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல் பிசகியது இல்லை. இது வீட்டுத் தமிழ்.

"போகாதய்யா. எழுந்திரிக்க முடியல. இங்கயே இரு."

சபையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என்ன நடிப்பு என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

மந்திரி அவரைப் பார்த்தார். நாற்பது தடவை மண்டியிட்ட மனுஷன். நிதானமாகக் குனிந்தார். தன் மணிக்கட்டில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தார். கட்டைவிரல்... ஆள்காட்டி விரல்... ஐந்தையும்.

போய்விட்டார்.

இப்போது மேடையில் ராஜா மட்டும்.

5:04. ராஜா எழுந்து நின்று கடைசி வசனம் பேச வேண்டும். அவர் எழுந்ததும் நான் மஞ்சளைக் குறைத்துச் சிவப்பை ஏற்ற வேண்டும். பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

எழுந்திருக்கவில்லை.

கைப்பிடி இரண்டையும் பிடித்து உன்னினார். கழுத்து நரம்பு புடைத்தது. சிம்மாசனம் ஆடியது. ஆள் எழவில்லை.

5:05.

டிக்.

நான்காவது தட்டல். நாடகத்தில் நான்காவது தட்டல் கிடையாது.

"யாரு?" என்றார்.

டிக்.

"தாழ்ப்பாளைக் கழட்டிட்டேனே... கழட்டிட்டேன்ல... இன்னும் எதுக்குத் தட்டற?"

டிக்.

"தள்ளுனா திறக்கும். உள்ள வராத. வராத... யாராவது போய்ப் பாருங்கடா!"

இரண்டு பக்கத் திரை மறைவிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு மேலேயிருந்து அவர்கள் காலெல்லாம் தெரிந்தது. நடிப்பவர்கள், மேக்கப் போடுகிறவர், திரை இழுக்கிறவர். எல்லோருக்கும் அது நடிப்பு இல்லை என்று தெரியும். வீட்டுத் தமிழ் எல்லோருக்கும் கேட்டது.

ஒரு காலும் அசையவில்லை.

அவர் தலையைத் தூக்கினார். நேராக என் கண்ணாடியைப் பார்த்தார்.

"லைட்டு..."

பதினோரு வருஷத்தில் முதல் முறை. கழுதை என்று சொல்லவில்லை.

"லைட்டைப் போடும்மா... இருட்டா இருக்கு..."

மஞ்சள் விளக்கு அவர் முகத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போனில் மேனேஜர். "திரையை இறக்கிடவா?"

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

"காட்சி முடியட்டும்."

ஒரு பெண் குரல். ஹெட்போனில். தெளிவாக.

மேனேஜர் திரையை இறக்கவில்லை.

5:07. கோட்டைக் கதவு திறக்க ஆரம்பித்தது. அதைத் திறக்க இரண்டு பேர் கயிறு இழுக்க வேண்டும். கயிறு தளர்ந்து கிடந்தது. நான் பார்த்தேன்.

என் கை தானாக வேலை செய்தது. பழக்க தோஷம். வெள்ளை விளக்கு பன்னிரண்டையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

வெளிச்சம் கோட்டைக் கதவு வழியாகக் கொட்டியது. சபை கண்ணை மூடிக்கொண்டது.

பின்னால், சுவரில், துணிமணி அறைக் கதவு.

திறந்திருந்தது.

பன்னிரண்டு விளக்குக்கும் நடுவில் அந்த வாசல் மட்டும் கறுப்பாக இருந்தது. வெளிச்சம் அதன் விளிம்பு வரை போனது. உள்ளே போகவில்லை.

ராஜா பார்த்தார். இப்போது கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார்.

என்ன பார்த்தார் என்று தெரியாது. எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பின்மண்டை மட்டும் தெரிந்தது. அது மெல்ல ஆடியது. இல்லை, இல்லை என்பதுபோல.

பிறகு சிம்மாசனம் சாய்ந்தது.

ஆள் மட்டுமல்ல. அவரோடு சேர்ந்து சிம்மாசனமே.

முதல் படி.

மூன்றாம் படி.

ஏழாம் படி.

திரை.

5:08.

கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த அரங்கம் கேட்டதே இல்லை. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டல் நிற்கும் வரை யாரும் மேடைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது ராஜா போட்ட சட்டம். எல்லோரும் சட்டத்தை மதித்தோம். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.

அதற்குப் பிறகுதான் போனார்கள்.

கண் திறந்தபடி இருந்தார். உயிர் இல்லை. சிம்மாசனத்தை அவர் மேலிருந்து தூக்கினால் ஆளும் சேர்ந்து வந்தார். அங்கி சிம்மாசனத்தின் மெத்தையோடு ஒட்டியிருந்தது. மேக்கப்காரர் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். பசையோ ஆணியோ இல்லை. தையல். பொடிப்பொடியாக, ஒரே அளவில், இடுப்பைச் சுற்றி முழுக்க. அப்படித் தைக்க எங்களில் யாருக்கும் வராது. வரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

சவுண்டுக்காரரைத் தேடிப் போனேன். மேஜைக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"இடைவேளையிலேயே சவுண்டு மெஷின் செத்துப்போச்சும்மா. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு இதைத்தான் நோண்டிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு தட்டல்கூட நான் போடல" என்றார்.

மேனேஜர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நீதானே காட்சி முடியட்டும்னு சொன்ன?" என்று கேட்டார்.

"நான் சொல்லலண்ணா."

"உன் குரல்தான் கேட்டுச்சு."

நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் யோசிப்பேன்.

டாக்டர் மாரடைப்பு என்றார். விழுவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கலாம் என்றார். குழு ஒரு மாதத்தில் கலைந்தது. மந்திரியாக நடித்தவர் சாவுக்கு வரவில்லை. வந்தவர்களும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

நான் லைட் வேலையை விட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. ராஜா நினைப்பால் இல்லை, அந்தப் புதன்கிழமை நினைப்பால். கடைசியில் ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கதவு தாழ் போட்டிருந்தது, நான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி, நாலு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊசியம்மாவின் மகள் வீட்டுக்குப் போனேன்.

பேங்கில் வேலை செய்கிற பெண். என் வயசுதான். கதவைத் திறந்து, யாரென்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்."

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு அவ்வளவு நேரம் முயற்சி பண்ணீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அன்று மூணேகாலுக்கு அம்மா போன் பண்ணினாராம். நெஞ்சு அடைக்கிறது, கதவு திறக்க வரவில்லை என்றாராம். பேசிக்கொண்டே இருக்கும்போது கீழே விழுகிற சத்தம். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

"எனக்கு உங்க யார் நம்பரும் தெரியாது. ஆபீஸ் போன்ல ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், எந்த அரங்கம்னுகூடச் சரியாச் சொல்லத் தெரியல. இந்தப் போனைக் காதுல வெச்சுக்கிட்டே அம்மா, அம்மான்னு கத்திட்டு இருந்தேன். மூணு முப்பத்தஞ்சுக்கு மூச்சுச் சத்தம் நின்னுச்சு. டாக்டரும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான் எழுதியிருக்கார்."

மூணு முப்பத்தைந்து.

"அப்புறமும் நான் போனை வைக்கல. ஒரு சத்தமும் இல்ல. மூணு அம்பதுக்கு மேல இருக்கும்... கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. ஆள் வந்துட்டாங்க, அம்மாவைப் பார்த்துடுவாங்கன்னு நினைச்சேன். எவ்வளவு நேரம் தட்டுனீங்க! அம்மாகிட்ட சொன்னேன்... 'ஆள் வந்துட்டாங்கம்மா, பயப்படாத'ன்னு."

"நாங்க தட்டலம்மா" என்றேன்.

அவள் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"நாங்க யாரும் தட்டல. நாங்க வெளிய சும்மா நின்னோம். தட்டல் உள்ளேயிருந்துதான் வந்துச்சு. இரும்புத் தொப்பி சத்தம். நாங்கதான் திறக்கல."

என் கையை விட்டாள்.

"இரும்புச் சத்தம் இல்லக்கா. வெறுங்கையால தட்டற சத்தம். வெளிய இருந்துதான். கதவு அதிர்றதுகூட எனக்குக் கேட்டுச்சு."

அந்தக் கதவு இரண்டு விரல் கனப் பலகை. ஒரே பலகை. 3:52 முதல் 4:17 வரை அதன் வெளிப்பக்கம் யாரும் கை வைக்கவில்லை. உள்ளே இருந்தவர் மூணு முப்பத்தைந்துக்கே போய்விட்டார்.